கிணற்று மரியாதை

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், நாராயணவனத்திலிருந்து நாகலாபுரம் போகிற சாலையில் இடப்பக்கம் பிரிகிற மண்பாதை குண்டலப்பாளையத்துக்குப் போகும். முதலில் வருவது ஊர். ஊரைக் கடந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் மிஷன் தெரு. தெருவின் தலைமாட்டில் தேவாலயம், அதற்கு எதிரே ஒரு கல்கட்டுக் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுக்காரர்களைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கெணத்தூட்டுக்காரங்க என்றால் போதும்.

வீட்டின் இப்போதைய மூத்தவர் அசரியா. சபை மூப்பர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாத மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டுதான் வாசலுக்கே வருவார்.

தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய முப்பாட்டன் மாசிலாமணி தோண்டிய கிணறு அது. அதற்கு முன்னால் தெருக்காரர்கள் ஊர்க் கிணற்றடியில் எட்டி நிற்பார்கள். யாராவது மனம் வைத்து மேலிருந்து ஊற்றினால் குடம் நிறையும். இல்லையென்றால் வெயில் ஏறும்வரை நிற்க வேண்டியதுதான். பஞ்சத்தில் ஊற்றுகிற கையும் நின்றுபோயிற்று. மாசிலாமணி தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பாறையை உடைத்து இறங்கினார். தண்ணீர் கண்ட அன்று அவர் இரண்டு வார்த்தை சொன்னதாக வீட்டில் சொல்வார்கள். இந்த வீட்டில் பிறந்தவனும் வாழ வந்தவளும் இனி ஊர்த் தண்ணீருக்குக் குடம் பிடிக்கக் கூடாது. இந்தக் கிணற்றடிக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் பேரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வார்த்தைக்குத்தான் கிணற்று மரியாதை என்று பெயர். பிஷப் வந்தாலும் முதலில் சொம்பு, ஆடு மேய்க்கிறவன் வந்தாலும் முதலில் சொம்பு. பெரிய மனிதர் வருகிறார் என்றால் கிணற்றை இறைத்துத் தூர்வாரி, சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்னாளில் ஒரு கோடையில் ஊர்க் கிணறே வற்றிப்போய், ஊரின் மாட்டு வண்டிகள் பீப்பாயோடு இங்கே வந்து நின்றதுண்டு. அப்போதும் வண்டிக்காரர்களுக்கு முதலில் சொம்புதான் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அசரியாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அந்தத் தண்ணீர் உப்பாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சுற்றிலும் மாந்தோப்புக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆழமாகப் போர் போட, கிணற்றின் நல்ல ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றின. மிச்சம் கசிந்தது உவர். பருப்பு வேகாது. டீயில் பால் திரிந்துபோகும். சோறு மஞ்சளடிக்கும். பாத்திரங்களின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததை மருமகள் தபீதாள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அசரியாவைக் கேட்டால் தண்ணீரில் ஒன்றுமில்லை, தின்கிறவர்களின் நாக்குத்தான் கெட்டுவிட்டது என்பார்.

ஊரில் உயரமான டேங்க் ஒன்று உண்டு. ஆரணியாற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறும். தெருக்காரர்கள் அங்கே குடத்தோடு போகத் தொடங்கினார்கள். காலம் மாறிவிட்டது, யாரும் யாரையும் எட்டி நிற்கச் சொல்வதில்லை. ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் தெருக்காரர்கள் என்பது மட்டும் யாரும் சொல்லாமலே நடந்தது. கெணத்தூட்டிலிருந்து யாரும் போகவில்லை. தபீதாள் நாகலாபுரத்திலிருந்து வருகிற வண்டியில் கேன் தண்ணீர் வாங்கினாள். அசரியா அதைத் தொடமாட்டார்.

அவருக்கு ஒரே மகன் பென்னி. கட்டட மேஸ்திரி. திருப்பதியில் லாட்ஜுகள் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவன், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். போன மழைக்காலத்தில் அவன் கால் வீங்கியது. அடுத்து முகம் வீங்கியது. செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு சாரத்தில் ஏறி, ஒருநாள் இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். திருப்பதி டாக்டர் சிறுநீரகம் என்றார். எதனால் வந்தது என்று அடித்துச் சொல்லவில்லை. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். குடிப்பதற்கு மட்டுமல்ல, உலைக்கும் நல்ல தண்ணீர்தான் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற நிலைமை வந்துவிடும் என்றார்.

“சோத்துல உப்பு போடாதன்னு சொல்றாரு. நம்மூட்ல ஒலையிலயே போட்டுத்தான வருது,” என்று பென்னி கட்டிலில் படுத்தபடி சிரித்தான். தபீதாள் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரே நம்பிக்கை குழாய். வீட்டுக்கு வீடு ஆற்றுத் தண்ணீர் கொடுக்கிற திட்டத்தில் மிஷன் தெருவும் சேர்ந்திருந்தது. டெல்லியின் பணம் பாதி, மாநிலத்தின் பணம் பாதி. தெருவின் கோடியில் புது டேங்குக்குத் தூண்கள் எழும்பின, வீதியோரம் பள்ளம் வெட்டினார்கள், நீலக் குழாய்களைக் கொண்டுவந்து தேவாலயச் சுவரோரம் அடுக்கினார்கள். அதோடு நின்றுபோயிற்று. மாநிலம் தன் பங்கை வைக்கவில்லை, அதனால் எங்கள் பங்கு வராது என்று டெல்லியில் சொன்னார்களாம். முதல் பங்குக்கே இன்னும் பாக்கி இருக்கிறது என்று விஜயவாடாவில் மாநிலத்துக்காரர்கள் சொன்னார்களாம். தூண்களின் கம்பிகள் துருப்பிடித்துச் சிவப்பாக ஒழுகின. வெயிலில் குழாய்களின் நீலம் வெளுத்தது. பள்ளத்தில் ஆட்டுக்குட்டிகள் விழுந்து கத்தும், யாராவது இறங்கித் தூக்கி விடுவார்கள்.

சித்திரை பிறந்த சமயம் ஹரிபிரசாத் போன் பண்ணினான். திட்டத்தின் இளம் இன்ஜினியர், திருப்பதிக்காரன். கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்ச் சோதித்து, குடிக்க ஆகாது என்று மேலே எழுதி அனுப்பியவன் அவன்தான். அசரியாவிடம் அவனுக்கு மரியாதை உண்டு.

“ஐயா, இனிமே கவலை இல்ல. ரெண்டு கவர்மெண்டும் ஒப்புக்கினாங்க. உப்புத் தண்ணி ஊருங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் பணம். டெல்லிலேர்ந்து ஒருத்தரு, விஜயவாடாலேர்ந்து ஒருத்தரு, சேந்து வந்து சும்மா பாத்துட்டுப் போவாங்க. அந்தே, அவ்ளோதான்.”

டெல்லியிலிருந்து வருகிறார்கள். அந்தக் கிணற்றடிக்கு அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வந்ததில்லை. அசரியா போனை வைத்துவிட்டு வெகுநேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் வேறொன்று ஓடிற்று. முந்தின வருஷம் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பையன் ஆதார் வேலையாக வந்திருந்தான். சொம்பைக் கொடுத்தார். ஒரு வாய் வைத்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குரோட்டன்ஸ் செடியருகே துப்பினான். உப்பு, உப்பு என்று வாயைத் துடைத்துக்கொண்டான். தெருவே பார்த்தது. அன்று ராத்திரி அசரியா சாப்பிடவில்லை.

அவர் அப்பாவுவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவு பங்காளி வீட்டுப் பையன், டிராக்டர் டேங்கர் வைத்துக் கல்யாண மண்டபங்களுக்குத் தண்ணீர் அடிக்கிறவன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஆயில் இன்ஜினை இறக்கிக் கிணற்றை இறைத்தார்கள். அப்பாவுவும் தெருப் பையன்களும் வடம் கட்டி இறங்கிச் சேற்றைக் கூடை கூடையாக ஏற்றினார்கள். சேற்றில் ஒரு பித்தளைக் குடம், நாலைந்து பிளாஸ்டிக் பந்து, ஒரு ஒற்றைக் கொலுசு. பாறை இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைத் துடைப்பத்தால் தேய்த்தார்கள். மத்தியானம் தபீதாள் எல்லோருக்கும் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் போட்டாள். கேன் தண்ணீரில் கிண்டிய களி. தின்றவர்கள் இன்னொரு உருண்டை கேட்டார்கள்.

இறைத்த கிணற்றில் அப்பாவுவின் டேங்கர் தண்ணீரைக் கொட்டப் போகிற விஷயம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமனார் எதிரே நின்றாள்.

“மாமா, அவங்க உப்பப் பாக்கத்தான வர்றாங்க. அது உப்பாவே இருக்கட்டுமே.”

“பாக்கத்தான் வர்றாங்க. அளக்குறதெல்லாம் முடிஞ்சி எழுதியாச்சின்னு அந்தப் புள்ளையாண்டானே சொல்லிட்டான். வர்றவங்க கைல நான் சொம்பு குடுக்கணும். டெல்லிக்காரன் துப்பினான்னா, யாரூட்டு வாசல்ல துப்பினதா ஆவும்?”

“அப்டின்னா கேன் தண்ணிய ஊத்திக் குடுங்க. யாருக்குத் தெரியப் போவுது.”

“கெணத்து மரியாதைன்னு பேர் வச்சிக்கினு கடைத் தண்ணியக் குடுக்குறதா? கெணத்துலேர்ந்து மொண்டுதான் குடுக்கணும். கெணத்துல ஊத்தி மொண்டா அது கெணத்துத் தண்ணி.”

அவர் முடிவாகச் சொன்னதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. தபீதாள் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் வருகிற அன்று விடியும்போது அப்பாவு டேங்கரைக் கிணற்றோரம் ஒட்டி நிறுத்திக் குழாயை உள்ளே விட்டான். ஒரு லோடு கொட்டிவிட்டு மறுபடி போய் இன்னொரு லோடு கொண்டுவந்தான். வெறும் பாறையில் தண்ணீர் விழுகிற சத்தம் தெருக் கோடிவரை கேட்டது. கிணற்றைப் பார்த்து நின்ற அப்பாவு மெதுவாகச் சொன்னான்.

“பெரீப்பா, பொண்ணு பாக்க வர்றவனுக்குப் பக்கத்தூட்டுப் பொண்ணக் காட்டுற மாதிரி இருக்குது.”

“வாய மூடிக்கினு குழாயப் புடிடா,” என்றார் அசரியா. கோபமில்லை. அன்று அவருக்கு உள்ளுக்குள் திருவிழா.

பத்து மணி வெயிலில் இரண்டு வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து டெல்லிக்காரரும் விஜயவாடாக்காரரும் இறங்கினார்கள். வழியெல்லாம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம், யார் பணம் யாரால் நின்றது என்று, திருப்பதியிலிருந்தே காது புளித்துவிட்டது என ஹரிபிரசாத் அசரியாவின் காதில் சொன்னான். அவன் முகம் களையிழந்திருந்தது. பின்வண்டியிலிருந்து ஸ்ரீஜா என்கிற பெண் ஒரு நீலப் பெட்டியோடு இறங்கினாள். பரிசோதனைக் கூடத்துப் பெண் என்றான். ஆந்திராவில் எல்லா ஊரையும் உப்பு என்று எழுதிக் காசு கேட்கிறார்கள், நாங்களே அளந்து பார்த்துத்தான் எங்கள் பாதியைத் தருவோம் என்று டெல்லிக்காரர் நேற்று ராத்திரிதான் பிடிவாதம் பிடித்தாராம்.

அசரியாவின் கையில் அதற்குள் சொம்பு இருந்தது. கயிற்றை விட்டுத் தானே மொண்ட தண்ணீர். பெட்டியைப் பார்த்தார். தெரு முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. ஊரிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். வாசற்படியில் தம்ளர் தட்டோடு தபீதாள். சன்னலுக்குப் பின்னால் கட்டிலில் பென்னி.

அவர் நடந்து போய் இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார்.

டெல்லிக்காரர் வெயிலில் வந்தவர். அண்ணாந்து பாதிச் சொம்பைக் குடித்தார். புருவம் உயர்ந்தது. மீதியை விஜயவாடாக்காரரிடம் கொடுத்தார். அவரும் குடித்துத் தலையாட்டினார். இந்தியில் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். ஸ்ரீஜா இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி, உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு கருவியை அதில் நிறுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். உதறித் துடைத்து மறுபடி நிறுத்தினாள். பிறகு வாளியைத் தானே விட்டு மொண்டு அதிலும் நிறுத்தினாள். வந்து ஹரிபிரசாத்திடம் காட்டினாள். அவன் எழுதி அனுப்பிய எண்ணில் கால் பங்குகூட இல்லை.

விஜயவாடாக்காரர் அவனைத் தெலுங்கில் கடிந்துகொண்டார். உட்கார்ந்த இடத்திலேயே ரிப்போர்ட் எழுதுகிறாயா, என் மானத்தை இவர் முன்னால் வாங்குகிறாயா என்றார். ஹரிபிரசாத் அசரியாவிடம் வந்தான். எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டான்.

“ஐயா, நீங்க சொல்லுங்க. இந்தத் தண்ணி எப்பவும் இப்டித்தான் இருக்குதா?”

அசரியா டேங்கர் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. தபீதாளையும் பார்க்கவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தார்.

“இது எங்க முப்பாட்டன் தோண்டின கெணறு. இதுல குடிச்சவங்க யாரும் துப்பினதில்ல.”

கூட்டத்தில் அப்பாவு தலையைக் குனிந்துகொண்டான். தபீதாள் ஒரு அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தது. ஊர்க்காரர்கள் நின்ற பக்கம் அவள் கண் போயிற்று. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் இன்னும் ஒரு சொம்பு குடித்தார்கள். வழியெல்லாம் சண்டை போட்டு வந்த இருவரும் போகும்போது தோள்மேல் கைபோடாத குறையாகப் பேசிக்கொண்டு வண்டி ஏறினார்கள்.

ஒரு வாரத்தில் கிணற்றில் பழைய உவர் ஊறி மேலே வந்தது. சுவரின் சுண்ணாம்பு உரிய ஆரம்பித்தது. வைகாசியில் ஒரு லாரி வந்து, தேவாலயத்துச் சுவரோரம் கிடந்த நீலக் குழாய்களை ஏற்றியது. கூலிக்காரர்கள் வேறு ஊருக்கு என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஹரிபிரசாத்தை எங்கேயோ மாற்றிவிட்டதாக அப்பாவு சொன்னான். போன் செய்தபோது அவன் எடுக்கவில்லை. அசரியா அதற்கு மேல் முயலவில்லை.

லாரி போன அன்று மாலை தபீதாள் முற்றத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அசரியா நாற்காலியில் இருந்தார். அவள் நிமிரவில்லை.

“நான் அப்பவே சொல்லியிருப்பேன் மாமா. டேங்கர் தண்ணின்னு அந்தப் பொண்ணு காதுல போட்டிருந்தாக் கூடப் போதும். ஊருக்கு முன்னாடி உங்க தல குனியக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

இன்னொரு கடலையை எடுத்து உடைத்தாள்.

“நீங்க உங்க முப்பாட்டனுக்காக இருந்தீங்க. நான் உங்களுக்காக இருந்தேன். உள்ள படுத்திருக்குறவருக்காகன்னு யாருமே இல்லாமப் பூட்டாங்க.”

உள்ளேயிருந்து பென்னி, “தபீ, உட்டுடு,” என்றான். அசரியா எழுந்து தேவாலயம்வரை நடந்துபோய்த் திரும்பினார். அன்றும் பொத்தான் கழுத்துவரை இருந்தது.

அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் பென்னிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் மெஷினைத் தவிர வழியில்லை என்றார். வாரத்தில் பல நாள் போய்ப் படுக்க வேண்டும். இங்கிருந்து போய்வர உடம்பு தாங்காது. தபீதாள் திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் ஒரு ரூம் பார்த்தாள். அங்கே லாட்ஜ் ஒன்றில் பாத்திரம் தேய்க்கிற வேலையும் பேசி வைத்தாள். திரும்பி வருவோமா என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று கேன் வண்டி வரவில்லை. நாகலாபுரத்துப் போர் வற்றி வண்டி நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. கடைசிக் கேனில் அடித்தண்ணீர் கொஞ்சம் ஆடியது. அதை மாத்திரைக்கு வைத்திருந்தாள். வழிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். பென்னிக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும், ஆனாலும் வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டால் நனைக்கவாவது வேண்டும். அவள் காலி பாட்டிலைப் பைமேல் வைத்துவிட்டு, சாலைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

அசரியா சமையலறைக்குள் போய் எவர்சில்வர் குடத்தை எடுத்தார். அதை அவர் கையில் யாரும் பார்த்ததில்லை. தோளில் வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, இடுப்பில் வைக்கவும் தெரியவில்லை. முன்னால் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி ஊருக்குள் நடந்தார்.

டேங்கடியில் ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேடைமேல் ரங்கையா நின்று ஓஸ் குழாயால் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். ரங்கையா அசரியாவின் வயதுக்காரர். மாட்டு வண்டியில் பீப்பாயோடு வந்து கிணற்றடியில் சொம்பு வாங்கிக் குடித்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பெண்கள் அசரியாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அவர் எட்டியே நின்றார்.

“அசரியா காரு, நீங்களா? ராண்டி, வாங்க வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா பசங்க தூக்கினு வந்து ஊத்தியிருப்பாங்களே,” என்றார் ரங்கையா. அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அசரியா குடத்தோடு திரும்பியிருப்பார்.

ரங்கையா மேடையிலிருந்து இறங்கவில்லை, முழங்கால் வலிக்காரர். ஓஸை மேலிருந்து நீட்டினார். அசரியா குடத்தைக் கீழே பிடிக்க வேண்டியிருந்தது. குனிந்தார். மேலிருந்து தண்ணீர் விழுந்தது. குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது ஷேர் ஆட்டோ வாசலில் நின்றது. பென்னியை அப்பாவு தூக்கிப் பின்சீட்டில் சாய்த்திருந்தான். அசரியா சொம்பில் தண்ணீரை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். பென்னி ஒரு மடக்குக் குடித்தான். கண்ணை மூடி இன்னொரு மடக்கு.

“எங்க புடிச்சது நைனா?”

அசரியாவின் சட்டை மார்புவரை நனைந்திருந்தது. முழங்கை, வேட்டியெல்லாம் ஈரம்.

“நம்ம கெணத்துலதான்.”

பென்னி அந்த நனைந்த சட்டையைப் பார்த்தான். தபீதாள் பாட்டிலை நிரப்புவதில் கவனமாக இருந்தாள்.

“ஆமா நைனா,” என்றான். “இனிக்குது.”

ஆட்டோ ஏரிக்கரை திரும்பும்வரை அவர் நின்றார். குடத்தில் மிச்சமிருந்ததை வேப்பங்கன்றுக்கு ஊற்றினார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை விட்டு ஒரு சொம்பு மொண்டார். வாயில் வைத்தார். நாக்கிலிருந்து தொண்டைவரை உப்பு எரித்துக்கொண்டு இறங்கியது. பார்க்க ஆளில்லாத தெருவில், நிமிர்ந்து நின்றபடி, சொம்பு தீரும்வரை குடித்தார். துப்பவில்லை.